ரக்பி லீக் ஃபார்வர்டுகள் செய்யக்கூடாத தவறுகள்

ரக்பி லீக்கில் ஒரு அணிக்கு 13 பேர் (15 பேர் ஆடுவது ரக்பி யூனியன், அது வேறு ஆட்டம்), அதில் 8 முதல் 13 வரை எண் போட்ட ஆறு பேர்தான் ஃபார்வர்டுகள். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணி வரிசைமேல் நேராகப் போய் மோத வேண்டும், அவர்கள் மோத வந்தால் மடக்கிப் போட வேண்டும். உடம்பே முதலீடு என்பதால் இங்கே ஒரு தப்பான முடிவுக்கு விலை ரொம்ப அதிகம்.

பெரிய தவறு, வலி தாங்குவதையே திறமை என்று நம்புவது. 2014 என்.ஆர்.எல் (ஆஸ்திரேலியாவின் முக்கிய ரக்பி லீக் தொடர்) இறுதிப்போட்டியில் சவுத் சிட்னியின் சாம் பர்ஜெஸ் ஆட்டத்தின் முதல் மோதலிலேயே எதிரணி ஜேம்ஸ் கிரஹாமின் தலையில் இடித்துக் கன்னத்து எலும்பு உடைந்து, அப்படியும் வெளியே போகாமல் முழு ஆட்டமும் ஆடினார். அணி 30-6 என்று ஜெயித்து 43 வருடம் கழித்துக் கோப்பையை வாங்கியது, ஆட்டநாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே. பார்க்க எனக்கும் புல்லரிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஜூனியர் அணியில் ஆடும் பையன் இதையே பாடமாக எடுத்துக்கொண்டு, தலையில் அடிபட்டதைக்கூட டாக்டரிடம் சொல்லாமல் மறைத்தால் என்ன ஆவது? எலும்பு கூடிவிடும், மூளை அப்படியல்ல. கான்டர்பரி அணியின் முன்னாள் ஃபார்வர்டும் பயிற்சியாளருமான ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018இல் இறந்த பிறகு அவர் மூளையைப் பரிசோதித்ததில், தொடர்ந்து தலையில் அடிபடுவதால் வரும் சி.டி.இ என்ற நோய் இருந்தது உறுதியானது. 2023இலிருந்து என்.ஆர்.எல்-இல் தலையடி உறுதியானால் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஓய்வு. "இடம் போய்விடுமே" என்று அதற்குப் பயந்து மறைப்பதுதான் இருப்பதிலேயே முட்டாள்தனம்.

அப்புறம் எடை. ப்ராப் (முன்வரிசையில் மோதும் கனமான ஃபார்வர்டு) என்றால் மலை மாதிரி இருந்தால் போதும் என்று சதை ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016இல் என்.ஆர்.எல் ஒரு ஆட்டத்தில் அனுமதிக்கும் ஆள் மாற்றத்தை 10இலிருந்து 8 ஆகக் குறைத்ததிலிருந்து, இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கி உட்காருகிற ஆளைப் பயிற்சியாளர்கள் விரும்புவதில்லை.

பெயர் வந்ததும் ஆட்டத்தையே மாற்றுவதில் அவசரப்படக் கூடாது. மறுபடியும் பர்ஜெஸ்தான் உதாரணம். கோப்பை வாங்கிய கையோடு யூனியனுக்குப் போனார், பாத் கிளப் அவரைப் பெரும்பாலும் ஃபார்வர்டாக ஆட வைத்தது, இங்கிலாந்து அணியோ 2015 உலகக்கோப்பையில் ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் ஆடும் சென்டராக நிறுத்தியது. இங்கிலாந்து முதல் சுற்றிலேயே வெளியேற, 2016இல் அவர் மறுபடி சவுத் சிட்னிக்கே ஆடினார். (எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யாமலே அவரைக் கூப்பிட்டவர்கள்மேல்தான்.) போவதற்கு முன்னாலேயே "என்னை எந்த இடத்தில் ஆட வைப்பீர்கள்" என்று கேட்டுத் தெளிவாகிவிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் வருடச் சம்பளத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. நார்த் குயின்ஸ்லாந்தின் ஜேசன் டௌமலோலோ 2017இல் பத்து வருட ஒப்பந்தம் போட்டபோது கிளப்புக்கு இது தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. கிளப் பக்கம் அது நியாயமான கேள்விதான். ஆனால் எப்போது முழங்கால் போகும் என்று தெரியாத ஃபார்வர்டுக்கு, கொஞ்சம் குறைந்த தொகையானாலும் உறுதியான கூடுதல் வருடங்களே லாபம்.

ஏனென்றால் ஆட்ட வாழ்க்கையின் முடிவு சொல்லிவிட்டு வராது. பர்ஜெஸ் 2019 அக்டோபரில் தோள்பட்டைக் காயத்தால் ஓய்வு பெற்றபோது வயது 30தான். 2024இல் இங்கிலாந்தின் வாரிங்டன் அணிக்குப் பயிற்சியாளரானார், முதல் வருடமே சேலஞ்ச் கோப்பை இறுதிவரை கொண்டுபோனார். எல்லோருக்கும் அப்படிப் பயிற்சியாளர் வேலை காத்திருக்காது. அதனால் எலக்ட்ரீசியன் வேலையோ, கணக்கோ, பட்டப்படிப்போ, எதுவானாலும் சம்பளம் வருகிற காலத்திலேயே படித்து வைத்துக்கொள்ள வேண்டும், "ஆடி முடித்த பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது.