புல்லிட் மஸ்டாங்கில் ஸ்பாய்லர் மாட்டும் முன்

ஃபோர்டு மஸ்டாங் புல்லிட் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே பலருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். சாதாரண மஸ்டாங் ஜிடியில்கூட பின்னால் ஸ்பாய்லர் உண்டு, அதைவிட அதிகக் காசு கொடுத்து வாங்கிய இந்த ஸ்பெஷல் எடிஷன் மட்டும் மொட்டையாக நிற்கிறதே என்று தோன்றும். முன்னால் போய்ப் பார்த்தால் கிரில்லில் மஸ்டாங்கின் சின்னமான ஓடும் குதிரையையும் காணோம். பானெட்டில் கோடு இல்லை, பக்கவாட்டில் பேட்ஜ் இல்லை. கம்பெனிக்காரன் மறந்ததை நாம் மாட்டிவிடலாம் என்று ராத்திரி பதினோரு மணிக்கு உதிரிபாகக் கடைகளை மேய ஆரம்பிப்பார்கள்.

முதல் தவறு அதுதான். மொட்டையாக இருப்பதற்குத்தான் இங்கே காசே.

1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஏற்ற இறக்கமான தெருக்களில் பறக்கவிட்டது ஹைலேண்ட் பச்சை நிற மஸ்டாங் ஜிடி 390. படப்பிடிப்புக்கு முன் அதில் இருந்த குதிரை, ஃபாக் லைட், பேட்ஜ் எல்லாவற்றையும் கழற்றி, சக்கரங்களை மாற்றி, ஒரு துப்பறியும் போலீஸ்காரர் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும் கார் போல ஆக்கினார்கள். ஃபோர்டு 2001-லும், 2008-லும், அப்புறம் படத்தின் ஐம்பதாவது ஆண்டையொட்டி அறிவித்த 2019 மாடலிலும் இதே காரியத்தைத் திரும்பச் செய்தது. 2019-ல் குதிரைத்திறன் 480, கியர் கையால் மட்டுமே போட வேண்டும், கியர் நாப் வெள்ளைப் பில்லியர்ட்ஸ் பந்து போல இருக்கும், வெளியே கண்ணில் படும்படியான புல்லிட் அடையாளம் என்றால் பின்னால் நடுவில் இருக்கும் வட்ட முத்திரை ஒன்றுதான். அதில் பெரிய ஸ்பாய்லரை மாட்டி, வெள்ளைக் கோடு இரண்டு இழுத்து, கிரில்லில் குதிரையையும் திருப்பி ஒட்டினால் என்ன கிடைக்கும்? பச்சை நிற ஜிடி ஒன்று கிடைக்கும். அதை ஷோரூமிலேயே மலிவாக வாங்கியிருக்கலாமே!

அப்படியானால் அசல் புல்லிட்டே மாற்றங்கள் செய்த கார்தானே, நான் செய்தால் மட்டும் குற்றமா என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. நான் எதையும் தொடவே கூடாது என்று சொல்லும் ஆளும் இல்லை. செய்யப் போகும் மாற்றம் இந்தக் காரை வடிவமைத்தவர்கள் போன திசையிலேயே போகிறதா, அவர்கள் வேண்டுமென்றே எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு அளவான டின்ட், கொஞ்சம் தாழ்ந்த ஸ்பிரிங், பழைய ஐந்து ஆரச் சக்கரத்தின் சாயலில் வேறொரு செட் என்றால் என் கண்ணை உறுத்தாது. அந்த வெள்ளைப் பந்தைக் கழற்றிவிட்டுக் கார்பன் ஃபைபர் நாப் போட்ட படங்களைப் பார்த்தால் மட்டும் வயிறு எரிகிறது.

எந்தப் பொருளை மாட்டுகிறீர்கள் என்பதைவிட எப்படி மாட்டுகிறீர்கள் என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அதிலும் மோசமானது துளை போடுவது. ஸ்பாய்லரில் இரண்டு வகை உண்டு. ஒன்று இருபக்க டேப்பில் ஒட்டுவது, இன்னொன்று டிக்கி மூடியைத் துளைத்து போல்ட் போட்டு முறுக்குவது. இரண்டாவதை மாட்டிவிட்டு நாளைக்கு வேண்டாம் என்று கழற்றினால் நான்கு ஓட்டைகள் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அதை அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். அந்த ஓட்டைகளின் ஓரத்தில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கலாம் என்பது தனிக்கதை. நம்பர் பிளேட்டிலும் இதே விளையாட்டு நடக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சஸ் மாதிரி மாநிலங்களில் முன்பக்கப் பிளேட் கட்டாயம், மிச்சிகனிலும் ஃபுளோரிடாவிலும் தேவையில்லை. டெலிவரி கொடுக்கும் அவசரத்தில் யாராவது ட்ரில்லை எடுத்து முன் பம்பரில் இரண்டு துளை போட்டுவிட்டால் அதற்கப்புறம் அழுது பயனில்லை. முன்கூட்டியே, எழுத்திலேயே, துளை போடாதீர்கள் என்று சொல்லி வையுங்கள். துளையே இல்லாமல் மாட்டும் பிராக்கெட்டுகள் விற்கின்றன.

அடுத்தது நிறம். புல்லிட்டின் டார்க் ஹைலேண்ட் கிரீன் என்ற அடர் பச்சை, நிழலில் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும், வெயிலில்தான் பச்சை எழுந்து வரும். மெட்டாலிக் பெயின்ட் என்பதால் ஒரு கதவை மட்டும் திருப்பி அடித்து மற்ற பக்கங்களோடு பொருந்த வைப்பது நல்ல பெயின்டருக்கே சவால். கார் வாங்க வருபவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் கையில் பெயின்ட் தடிமன் அளக்கும் சின்னக் கருவியோடு வருவார். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். ஒரு இடத்தில் திடீரென்று 300 என்று எகிறினால் இது எங்கோ அடிபட்ட கார் என்றுதான் அவர் முடிவு கட்டுவார், ஆசைக்கு அடித்தது என்று நீங்கள் எவ்வளவு சொன்னாலும் எடுபடாது.

நிறம் மாற்றியே தீர வேண்டும் என்றால் வினைல் ரேப், அதாவது பெயின்ட்டின் மேல் ஒட்டும் நிற ஃபிலிம், போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம், அடியில் இருக்கும் அசல் பெயின்டுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் இதிலும் மூன்று இடத்தில் காலை விடுகிறார்கள். ஏற்கெனவே திருப்பிப் பெயின்ட் அடித்த பாகத்தின் மேல் ஒட்டி உரித்தால் அந்தப் பெயின்டும் சேர்ந்து கையோடு வரலாம். வெயில் கொளுத்தும் ஊரில் ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் ஃபிலிம் காய்ந்து துண்டு துண்டாகத்தான் உரியும், பசை தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது, மலிவாகச் செய்து தருகிறேன் என்பவர் ஃபிலிமைக் கார் மேலேயே வைத்துப் பிளேடால் அறுப்பார், பல வருஷம் கழித்து உரித்துப் பார்க்கும்போதுதான் கதவோரம் முழுக்கக் கத்திக் கோடு தெரியும். நூல் பதித்த டேப்பை ஒட்டி, நூலை இழுத்து ஃபிலிமை வெட்டும் முறை ஒன்று உண்டு. கடைக்காரரிடம் அதைப் பயன்படுத்துவாரா என்று கேளுங்கள். முழித்தால் வேறு கடை பாருங்கள். ஒன்றும் மாற்றாமல் கல்லடியிலிருந்து மட்டும் காப்பாற்றினால் போதும் என்றால், அதே காசை நிறமில்லாத பாதுகாப்பு ஃபிலிமில் போடுவதே உத்தமம். என் ஓட்டு அதற்குத்தான்.

கழற்றிய பொருளை என்ன செய்கிறீர்கள்? சக்கரம் மாற்றிய உற்சாகத்தில் பழைய செட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் நிறைய. புல்லிட்டின் 'டார்க் த்ரஸ்ட்' (Torq Thrust) என்ற பழைய ஐந்து ஆரச் சக்கரத்தின் பாணியில் செய்த சக்கரம், நடுவில் இருக்கும் மூடி, பின்னால் உள்ள அந்த வட்ட முத்திரை, வெள்ளைப் பந்து எல்லாமே இந்த எடிஷனுக்கென்று செய்தவை, பத்து வருஷம் கழித்துத் தேடினால் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2001 மாடலில் மொத்தம் 5,582 கார்கள்தான் வெளிவந்தன, அதிலும் நீல நிறம் 723 மட்டுமே. அதற்கு ஒரு உடைந்த பாகம் தேடி அலைகிறவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இடம் இல்லை என்று சாக்குச் சொல்லாமல் துணியில் சுற்றி, பெட்டியில் போட்டு, மேலே என்ன என்று எழுதி, ஈரம் படாத மூலையில் வையுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மாற்றுவதும் தவறுதான். விபத்து நடந்தால் நீங்கள் சொல்லாத சக்கரத்துக்கும் ரேப்புக்கும் பணம் வராமல் போகலாம். இந்த மாதிரிக் கார்களுக்கு மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் பாலிசி கிடைக்கிறது, விசாரியுங்கள். பின்விளக்கைக் கறுப்பாக்கும் ஃபிலிம் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பின்னால் வருபவருக்குப் பிரேக் விளக்கு தெரிய வேண்டும், பல மாநிலங்களில் சட்டப்படியும் தப்பு. டின்ட்டும் அப்படித்தான், கலிஃபோர்னியாவில் முன் கதவுகளின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும். வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துபவர்களை மட்டும் முழுசாக நம்ப வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, வேறு கம்பெனிப் பாகம் மாட்டியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்று வாரண்டி கொடுத்தவர்தான் காட்ட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் தவறு என்றே நினைப்பதில்லை. நாளைக்கு விலை ஏறும், ஏறும் என்று காருக்குப் போர்வை போர்த்தி, வருஷத்துக்கு இருநூறு மைல் ஓட்டி, ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டப் பயந்து வாழ்வது. ஆயிரக்கணக்கில் செய்த கார் இது. எல்லோரும் இதே கணக்கில் பூட்டி வைத்தால் எதிர்காலத்தில் குறைவாக ஓடிய புல்லிட்டுக்குப் பஞ்சமா வரும்? சாகும்வரை விற்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் ஊதா நிற ரேப்கூடப் போடுங்கள், உங்கள் கார், உங்கள் கண். விற்பேனோ மாட்டேனோ என்று ஊசலாடுகிறவர்களுக்குத்தான் மேலே சொன்ன எச்சரிக்கை எல்லாம்.

படத்தில் ஓடிய அந்த அசல் காரை 1974-ல் கீர்னன் குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. வீட்டம்மா அதை ஓட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனார். 1977-ல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. யாரும் அதற்குப் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கவில்லை. படப்பிடிப்புக்காகச் செய்த மாற்றங்களோடும் பழைய கீறல்களோடும் 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமி நகரில் ஏலத்துக்கு வந்தபோது, கட்டணம் உட்பட 37.4 லட்சம் டாலருக்குப் போனது. கிரில்லில் அப்போதும் குதிரை இல்லை.