அட்டாக் முதலில், நகர்த்துவது அப்புறம்: ஆடாசிட்டியில் ஒரு நோட்டைச் சரிசெய்வது

பதிவில் ஒரு நோட் (ஒற்றைச் சுரம்) மட்டும் பிந்தி விழுகிறதா? உடனே அதைப் பிடித்து முன்னால் இழுக்க வேண்டாம். முதலில் அதன் அட்டாக்கைப் பாருங்கள். ஒலி எழும்பி உச்சம் தொடும் வரையிலான சிறு துண்டுதான் அட்டாக். பியானோவில் அது சில மில்லிசெகண்ட். வில்லை மெதுவாக இழுத்த வயலினில் 100 மில்லிசெகண்டைக்கூடத் தாண்டும். அலைவடிவம் முளைக்கும் புள்ளியைக் காது கணக்கில் எடுப்பதில்லை. ஒலி ஓரளவு ஏறிய பிறகுதான் ‘நோட் வந்தாச்சு’ என்று கொள்ளும். மெல்ல எழும் நோட், திரையில் சரியாக நின்றாலும் தாமதமாகக் கேட்பது இதனால்தான்.

ஆடாசிட்டி, ஒலிப்பதிவைத் திருத்தும் இலவச மென்பொருள். 3.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் நல்லது.

1. கன்ட்ரோல் + டி அழுத்தி டிராக்கை நகல் எடுங்கள். மூலத்தை மியூட் செய்துவிடுங்கள்.

2. கன்ட்ரோல் + 1 அழுத்திப் பெரிதாக்குங்கள். அலை திடீரென்று தடிக்கும் இடத்துக்கு 2, 3 மில்லிசெகண்ட் முன்னாலிருந்து நோட் முடியும் வரை தேர்வு செய்யுங்கள். இசட் விசையைத் தட்டினால் தேர்வின் ஓரங்கள் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடங்களுக்கு நகரும். இதை விட்டுவிட்டால் வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்று கேட்கும். பிறகு கன்ட்ரோல் + ஐ. நோட் தனி கிளிப் (தனியாக நகர்த்தக்கூடிய துண்டு) ஆகிவிடும்.

3. இப்போது அட்டாக். எஃப்2 அழுத்தினால் ஒலியின் அளவை இடத்துக்கு இடம் ஏற்றி இறக்கும் என்வலப் கருவி வரும். அட்டாக் கடுமையாக இருந்தால் கிளிப்பின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக் கீழே இறக்குங்கள். 15, 20 மில்லிசெகண்ட் தள்ளி இன்னொன்றை முழு அளவிலேயே விடுங்கள். அளவோடு செய்யுங்கள். தொடக்கத்தை முழுசாக மழித்துவிட்டால் பியானோவா வேறு ஏதாவதா என்பதே தெரியாமல் போகும்.

மழுங்கிய நோட்டைக் கூர்மையாக்க, தொடக்கத்தை உயர்த்தத்தான் கை போகும். உச்சம் 0 டெசிபலைத் தாண்டினால் ஒலி சிதையும். முதல் 30 மில்லிசெகண்டை அப்படியே விட்டு, மீதியை 2, 3 டெசிபல் இறக்குங்கள். அதே விளைவு, ஆபத்தில்லாமல்.

4. மறுபடி கேளுங்கள். பல நேரம் பிரச்சினை இங்கேயே தீர்ந்திருக்கும். தீரவில்லை என்றால் ஸ்னாப்பை அணைத்துவிட்டு, கிளிப்பின் மேல்பட்டையைப் பிடித்து நகர்த்துங்கள். ஸ்னாப் கிளிப்பின் ஓரத்தைத்தான் திரையின் நேரக் கோடுகளில் ஒட்டும். காதுக்குக் கேட்கும் தொடக்கம் அதற்குத் தெரியாது. பாட்டில் இது இன்னும் முக்கியம்: ‘ஸ’வின் இரைச்சல் தாள அடிக்கு முன்பே போய்விட வேண்டும், அடியில் விழ வேண்டியது உயிரொலி.

எவ்வளவு நகர்த்துவது? 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தாள அடி) ஓர் அடி 500 மில்லிசெகண்ட், அதில் கால் பங்கு 125. 10 மில்லிசெகண்ட் மாற்றம் வாசிப்பின் நடையோடு கலந்துவிடும். கூர்மையான இரு ஒலிகளுக்கிடையே 30 மில்லிசெகண்ட் வந்தால் இரண்டு அடியாகப் பிரிந்தே கேட்கும்.

முன்னால் நகர்த்த இடம் இல்லையென்றால் முந்தைய கிளிப்பின் வலது ஓரத்தை இழுத்துக் குறையுங்கள். பின்னால் நகர்த்தி இடைவெளி விழுந்தால், ஆல்ட் விசையோடு அதே ஓரத்தை இழுத்தால் முந்தைய நோட் நீளும். ஓரத்தை வெறுமனே இழுத்தால் வெட்டிய அட்டாக் மறுபடி எட்டிப்பார்க்கும், ஜாக்கிரதை.

5. எல் விசையை அழுத்தி லூப்பை இயக்கி, அந்தப் பகுதியை எல்லா டிராக்கோடும் சுழலவிட்டுக் கேளுங்கள், திரையைப் பார்க்காமல். உறுத்தாத நோட்டுகளைத் தொடாதீர்கள்.