வூகாமர்ஸ் கடைத் தரவைப் படிக்கும் ஏஐ ஏஜென்டுக்குக் கருவி விளக்கம் எழுதுவது எப்படி?

வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் இணையக் கடை நடத்த உதவும் மென்பொருள்) நடக்கும் இணையக் கடையின் ஆர்டர், ஸ்டாக் விவரங்களை ஏஐ ஏஜென்ட் (கேள்வியைப் புரிந்துகொண்டு, தேவையான கருவிகளைத் தானே அழைத்து விடை தரும் மென்பொருள்) ஒன்றின் வழியாகக் கேட்டறிய விரும்புவோருக்கான செய்முறை இது. ரெஸ்ட் ஏபிஐ (கடைத் தரவை மற்ற நிரல்கள் இணையம் வழியாகப் பெறும் இடைமுகம்) சாவியை உருவாக்கவும், அதைக் கொண்டு ஏபிஐயை அழைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். சாவிக்கு 'ரீட்' (படிக்கும்) அனுமதி மட்டும் கொடுங்கள். விலையையோ ஆர்டரையோ மாற்றும் வேலைக்குத் தனிச் சாவியும் தனிக் கருவியும் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கருவி என்பது ஏஜென்ட் அழைக்கக்கூடிய ஒரு நிரல் செயல்பாடு. எம்சிபி (ஏஐ மாதிரிகளை வெளிக் கருவிகளுடன் இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக இணைத்தாலும், ஃபங்ஷன் காலிங் முறையில் (கருவிகளின் விவரத்தை மாதிரிக்கே கொடுத்து) நேரடியாக இணைத்தாலும், ஒரு கருவிக்குப் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (எந்த மதிப்புகளை எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்னும் வரையறை) ஆகிய மூன்றும் தேவை. ஏஜென்டை இயக்கும் ஏஐ மாதிரி உங்கள் நிரலைப் படிப்பதில்லை. இந்த மூன்றையும், கருவி திருப்பித் தரும் விடையையும் மட்டுமே வைத்து அது முடிவெடுக்கிறது.

படி 1: பெயரிடுங்கள். 'தரவை எடு' என்னும் பெயர் எதையும் சொல்வதில்லை; 'ஆர்டர்களைத் தேடு', 'பொருளின் ஸ்டாக்கைப் பார்' என்று ஒரு கருவிக்கு ஒரு வேலையாகப் பிரித்துப் பெயரிடுங்கள்.

படி 2: எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று எழுதுங்கள். "ஸ்டாக் விவரம் தரும்" என்பதோடு நிறுத்திவிடாமல், "ஒரு பொருளின் அடையாள எண்ணைக் கொடுத்தால் அதன் இப்போதைய ஸ்டாக் நிலையைத் தரும். பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் பொருள் தேடும் கருவியை அழைக்கவும். கடந்த மாத விற்பனையை அறிய இதைப் பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதினால், ஏஜென்ட் கருவி மாற்றி அழைப்பது பெருமளவு குறையும்.

படி 3: திரும்பி வரும் ஒவ்வொரு மதிப்புக்கும் என்ன அர்த்தம் என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் இடறும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். வூகாமர்ஸில் ஒரு பொருளுக்கு ஸ்டாக் கணக்கு வைக்கும் வசதியை இயக்காவிட்டால், 'ஸ்டாக் குவான்டிட்டி' என்னும் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக 'நல்' (null, அதாவது மதிப்பு ஏதுமில்லை) என்று வரும். கடையில் பொருள் நிறைய இருந்தாலும் அப்படித்தான் வரும். இதைச் சொல்லாமல் விட்டால் ஏஜென்ட் அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு, "பொருள் தீர்ந்துவிட்டது" என்று வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிவிடக்கூடும். ஆகவே விளக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "ஸ்டாக் குவான்டிட்டி 'நல்' என்றால் எண்ணிக்கை கணக்கிடப்படவில்லை என்று அர்த்தம், பூஜ்ஜியம் அல்ல. பொருள் கிடைக்குமா என்பதை 'ஸ்டாக் ஸ்டேட்டஸ்' மதிப்பைப் பார்த்து மட்டுமே சொல்லவும்."

பல அளவுகளிலும் நிறங்களிலும் விற்கும் டி-ஷர்ட் போன்ற பொருள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்டாக் கணக்கை வேரியேஷன் (ஒரு குறிப்பிட்ட அளவும் நிறமும் கொண்ட வகை) வாரியாக வைத்திருந்தால், மூலப் பொருளில் 'நல்' இருக்கும். உண்மையான எண்ணிக்கை ஒவ்வொரு வேரியேஷனிலும் தனித்தனியாக இருக்கும், அதற்கு ஏபிஐயில் வேறு முகவரி. "அளவு, நிறம் குறித்த கேள்வி என்றால் வேரியேஷன் கருவியை அழைக்கவும்" என்னும் வரியையும் சேர்த்துவிடுங்கள்.

படி 4: பக்க வரம்பைச் சொல்லுங்கள். வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் வூகாமர்ஸ் ஓர் அழைப்புக்கு 10 ஆர்டர்களையே தரும், அதிகபட்சம் 100. மொத்த எண்ணிக்கை விடையின் ஹெடரில்தான் (விடையுடன் தனியாக வரும் தலைப்புத் தகவலில்) வருகிறது, அதை ஏஜென்ட் பார்ப்பதில்லை. எனவே உங்கள் நிரலே ஹெடரைப் படித்து, "மொத்தம் 240, காட்டப்பட்டவை 100" என்பது போல விடைக்குள் வைத்துத் தர வேண்டும். இந்த வேலையை விளக்கத்தால் ஈடுகட்ட முடியாது.

படி 5: ஆர்டர் நிலைகளை ஸ்கீமாவில் 'enum' பட்டியலாக (ஏற்கத்தக்க மதிப்புகள் மட்டும் கொண்ட பட்டியலாக) கொடுங்கள். 'பெண்டிங்' (பணம் இன்னும் செலுத்தப்படவில்லை), 'ஆன்-ஹோல்டு' (பணம் வந்ததை உறுதிசெய்யக் காத்திருக்கிறது), 'பிராசஸிங்' (பொதுவாகப் பணம் வந்து, ஆர்டர் தயாராகிறது) மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். தேதி அளவுருவுக்கு, கடையின் உள்ளூர் நேரமா ஜிஎம்டியா (கிரீன்விச் நேரம்) என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் நள்ளிரவை ஒட்டிய ஆர்டர்கள் அடுத்த நாள் கணக்கிலோ முந்தைய நாள் கணக்கிலோ போய்ச் சேரும்.

படி 6: சோதியுங்கள். கடையில் வேலை செய்பவர்கள் அன்றாடம் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்கும் சொற்களிலேயே கேட்டு, விடையை வூகாமர்ஸ் நிர்வாகப் பக்கத்துடன் ஒப்பிடுங்கள். விடை தவறினால் உடனே மாதிரியை மாற்ற வேண்டாம். ஏஜென்ட் எந்தக் கருவியை, எந்த மதிப்புகளுடன் அழைத்தது என்னும் பதிவைப் பாருங்கள். எந்த வாக்கியம் விடுபட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: வசூலான பணத்தைக் கேட்டால் தொகை கூடுதலாக வருகிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் முறையில் வந்த ஆர்டர்களும் பொதுவாக 'பிராசஸிங்' நிலைக்கே செல்கின்றன. பணமோ இன்னும் கைக்கு வந்திருக்காது. அத்துடன், ஆர்டரின் 'டோட்டல்' தொகையில் ரீஃபண்ட் கழிக்கப்படுவதில்லை. அது தனிப் பட்டியலில் எதிர்மறை எண்ணாக வருகிறது. ஆர்டர் கருவியின் விளக்கத்தில் இதைச் சேருங்கள்: "'பிராசஸிங்' என்பதை மட்டும் வைத்துப் பணம் வந்துவிட்டது என்று கருத வேண்டாம், பணம் செலுத்தும் முறையையும் பார்க்கவும். நிகரத் தொகைக்கு ரீஃபண்டுகளைக் கழிக்கவும்."