வளர்ப்புப் பன்றியின் கோரைப்பல்: வெட்டுக் குறடு எடுக்க முன்

"குட்டியிலேயே பல் வெட்டியாச்சு, இனிப் பயமில்லை" என்று நினைத்துக்கொண்டு ஆண் பன்றி வளர்ப்பவர்கள் உண்டு. பண்ணைகளில் குட்டி பிறந்த கையோடு வெட்டுவது ஊசி போன்ற பால்பற்களை. தாயின் மடி கிழியாமல் இருக்கத்தான் அது. நிலையான கோரைப்பல் அதற்குப் பிறகு, 8 முதல் 12 மாதத்துக்குள் முளைக்கும். பொட்பெல்லி என்ற சிறு ரகமானாலும் சரி, ஊர்க் கறுத்தப் பன்றியானாலும் சரி, ஆணுக்கு அந்தப் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். காயடித்தால் வேகம் குறையும், நிற்காது. பெண் பன்றிக்குப் பல் சிறிதாகவே நின்றுவிடுவதால் வெட்டவேண்டி வருவது குறைவு.

கடும் தவறு எதுவென்றால், வேலிக்கம்பி வெட்டுகிற குறட்டால் பல்லைக் கடக்கென்று நறுக்குவதுதான். வெட்டின இடம் வெளியே நேராகத் தெரியும். ஆனால் நெரிபட்ட பல் நீளவாக்கில் வெடித்து, அந்த வெடிப்பு ஈறுக்குள் இறங்கிவிடும். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. வெடிப்பு வழியே கிருமி உள்ளே போனால் வேரில் சீழ் கட்டும். வாரங்கள் கழித்துத் தாடை வீங்கி, பன்றி ஒரு பக்கத்தால் மட்டும் சப்பத் தொடங்கும்போது, பல் வெட்டின நினைவே வீட்டில் யாருக்கும் இருக்காது.

கால்நடை வைத்தியர்கள் இதற்கு முறுக்கிய கம்பி வாளைப் பாவிக்கிறார்கள். மாட்டுக் கொம்பு அறுக்கவும் அதே கம்பிதான். பன்றியை மயக்கி, ஈறிலிருந்து கொஞ்சம் மேலே விட்டு, இரண்டு கையாலும் கம்பியை மாறிமாறி இழுப்பார்கள். உராய்வில் பல் சூடேறும், அதனால் பக்கத்தில் ஒருவர் தண்ணீர் விட்டபடி நிற்கவேண்டும். அப்புறம் கூரான விளிம்பை அரத்தால் மழுக்கிவிடுவார்கள். பெரும்பாலும் 2, 3 வயதில் முதல் வெட்டுத் தேவைப்படும். பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை வைத்தியரிடம் காட்டினால் போதும்.

"அடியோடு பிடுங்கிவிட்டால் தொல்லை தீருமே" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கீழ்க் கோரைப்பல்லில் வெளியே தெரிவதைவிடத் தாடைக்குள் இருப்பதுதான் அதிகம். பிடுங்கப்போனால் தாடை எலும்பே உடையலாம். வருத்தம் இல்லாத பல்லை அப்படிச் செய்யக் கேட்காதீர்கள்.

கீழ்ப்பல்லையே பார்த்துக்கொண்டு மேல்பல்லை மறந்துவிடுவது இன்னொரு பிழை. சில பன்றிகளுக்கு மேல்பல் வளைந்து சொண்டிலோ கன்னத்திலோ குத்தி நிற்கும். இதைப் பார்க்க மயக்க மருந்தெல்லாம் வேண்டாம். கையால் பழகின பன்றியின் வயிற்றைத் தடவினால் தானாகச் சரிந்து படுக்கும். கண் சொருகிக் கிடக்கையில் விரலால் சொண்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். படுத்ததற்கு ஒரு கதலிப்பழம் கொடுத்தால் அடுத்த முறை இன்னும் லேசாகப் படுக்கும். வாயில் நுரை தள்ளிப் பல்லை நறநறக்கிற வேளையில் மட்டும் கிட்டப் போகவேண்டாம்.

வெட்டும் நாளைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். பன்றிக்கு வியர்த்து உடம்பு தணியாது. சித்திரை, வைகாசி வெயிலில், நண்பகலில், நாலு பேர் கூடிக் கயிறு போட்டு அமுக்கினால் சூடேறியே செத்துவிடும். விடியப்புறம்தான் ஏற்ற நேரம். முதல்நாள் இரவே தீன் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். தண்ணீரை எப்போது எடுப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். மயக்கம் முழுதாகத் தெளியும்வரை நிழலில் தனியே வைத்திருங்கள். அரைமயக்கத்தில் சேற்றுக் குழிக்குள் இறங்கினால் அது மூழ்கிச் சாக முழங்கால் ஆழமே போதும்.

பல் ஆளைக் கிழித்துவிட்டால், காயம் சின்னதென்று மஞ்சள் அப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றிக் கேளுங்கள். பன்றியின் பல்லே கம்பிவலையில் கொளுவி உடைந்துவிட்டால், உடைந்த முகத்தின் நடுவில் பாருங்கள். சிவப்பாகப் பொட்டுத் தெரிந்தாலோ இரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.