லினக்ஸ்ல குரூப் போட்டு பெர்மிஷன் குடுக்கறது எப்படி? முதல் தடவை பண்றவங்களுக்கு

நாலு பேர் ஒரே ஃபோல்டர்ல வேலை பாக்கணும்னு வந்தா, நிறைய பேர் யோசிக்காம 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், போட்டுட்டு போயிடுவாங்க. வேலை என்னவோ நடக்கும், ஆனா அந்த மெஷின்ல இருக்கற எந்த யூசரும் எந்த ப்ரோக்ராமும் உள்ள புகுந்து எழுதலாம் அழிக்கலாம்னு ஆயிடும். தயவுசெஞ்சு அது வேணாம். ஆளுக்கு ஆள் பெர்மிஷன் குடுக்காம குரூப்புக்கு குடுங்க, ஆளை குரூப்ல சேருங்க.

முதல்ல குரூப். சூடோ (அட்மின் அதிகாரத்தோட கமாண்டை ஓட்டறது) போட்டு குரூப்ஆட், பக்கத்துல பேரு, அவ்ளோதான். பேரு வேலைய சொல்லணும், 'ரிப்போர்ட்ஸ்' மாதிரி.

அடுத்து ஆளை சேக்கறது, இங்கதான் கவனமா இருக்கணும். யூசர்மாட் மைனஸ் ஏஜி, அப்புறம் குரூப் பேரு, கடைசில யூசர் பேரு. ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்த ஏ-வை விட்டுட்டா புது குரூப்ல சேத்துட்டு, அந்த ஆள் ஏற்கனவே கூடுதலா இருந்த மத்த எல்லா குரூப்ல இருந்தும் தூக்கிடும். நான் என் அக்கவுண்ட்லயே இத பண்ணி, சூடோ குரூப்ல இருந்து என்னையே நானே வெளிய தள்ளிக்கிட்டேன், அப்புறம் ரெகவரி மோட்ல போய் சரி பண்ணவேண்டியதா போச்சு.

மூணாவது ஃபோல்டர். சிஎச்ஜிஆர்பி கமாண்ட்ல ஃபோல்டரை அந்த குரூப்புக்கு மாத்துங்க, பிறகு சிஎச்மாட் 2770. நம்பரை பாத்து பயப்படாதீங்க: ரீட் 4, ரைட் 2, எக்ஸிக்யூட் 1, கூட்டினா 7. முதல் 7 ஓனருக்கு, ரெண்டாவது 7 குரூப்புக்கு, கடைசி 0 மத்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு அர்த்தம். ஃபோல்டருக்கு எக்ஸிக்யூட்னா உள்ள நுழையற அனுமதி, அது இல்லாம வெறும் ரீட் மட்டும் குடுத்தா ஃபைல் பேரு தெரியும், திறக்க முடியாது. முன்னாடி இருக்கற 2 தான் செட்ஜிஐடி, அது இருந்தா உள்ள யாரு புது ஃபைல் போட்டாலும் அது ரிப்போர்ட்ஸ் குரூப்புக்கே போகும், இல்லேன்னா போட்டவரோட சொந்த குரூப்புக்கு போயிடும்.

இவ்ளோ பண்ணியும் ஒருத்தர் போட்ட ஃபைலை இன்னொருத்தரால எடிட் பண்ண முடியலையா, யூமாஸ்க்கை பாருங்க, புது ஃபைல்ல எந்தெந்த அனுமதிய கழிக்கணும்னு சொல்ற செட்டிங் அது. அது 022-ஆ இருந்தா புது ஃபைல்ல குரூப்புக்கு ரைட் வராது, 002 ஆக்கணும்.

செட் பண்ண உடனே 'வேலை செய்யல'ன்னு அந்த யூசர் வந்து நிப்பாரு. லாகவுட் பண்ணிட்டு திரும்ப உள்ள வர சொல்லுங்க, ஓடிட்டு இருக்கற செஷனுக்கு புது குரூப் தெரியாது. வந்ததும் ஐடி கமாண்ட் அடிச்சு பாத்தா குரூப் லிஸ்ட் வரும்.

ஆளை எடுக்கறதுக்கு ஜிபாஸ்டபிள்யூடி மைனஸ் டி, யூசர் பேரு, குரூப் பேரு. ஆனா இங்கயும் அதே கதைதான், அவரு ஏற்கனவே லாகின்ல இருந்தா பழைய அனுமதி அந்த செஷன் முடியற வரைக்கும் ஓடிட்டே இருக்கும், அதனால செஷனையும் சேத்து மூடிடுங்க.