மனித ரோபோ வீடியோவை ஒரு ஃபிட்டர் எப்படிப் பார்ப்பான்

மதுரை பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு யூனிட்டில் 23 வருடமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருக்கிறேன். இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு வீடியோவாவது என் போனுக்கு வந்துவிடுகிறது. இரண்டு கால், இரண்டு கையோடு மனுசன் மாதிரியே ஒரு ரோபோ பெட்டி தூக்கும், சட்டை மடிக்கும், பாத்திரம் அடுக்கும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "அண்ணே, நம்ம வேலை போயிருமா?" ரப்பர் பாகங்களின் பிசிறை வெட்டுகிற டிரிம்மிங் செக்‌ஷனில் இருக்கும் பெண்கள் கேட்கிறார்கள். முதலாளி, "இதுல ஒண்ணு வாங்கிப் போடலாமா?" என்கிறார். இரண்டு தரப்பையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சத்தத்தை நிறுத்துங்கள். பின்னணி இசை ஓடினால் எல்லாமே பெரிதாகத் தெரியும். அப்புறம் திரையின் மூலைகளைப் பாருங்கள். நேர்மையான கம்பெனி வேகத்தை எழுதிவிடும். ஒன்று என்றால் நடந்த வேகம். நான்கு என்றால் நான்கு மடங்கு ஓட்டிக் காட்டுகிறார்கள். எதுவும் எழுதவில்லையா, பின்னால் நடந்துபோகிற ஆளைப் பாருங்கள், அவர் நடையில் தெரிந்துவிடும். நடுவில் கேமரா கோணம் மாறினால் அங்கே ஒரு பிசகை வெட்டியிருக்கலாம் என்று மனதில் வையுங்கள்.

அடுத்தது, ஓட்டுவது யார்? 2024 ஜனவரியில் டெஸ்லா கம்பெனியின் ஆப்டிமஸ் ரோபோ ஒரு சட்டையை மடிக்கிற வீடியோ வந்தது. கீழே வலது ஓரத்தில் ஒரு மனிதக் கை அவ்வப்போது எட்டிப் பார்த்தது. ரோபோ கை அசைந்தபடியே அதுவும் அசைந்தது. இதை அது இன்னும் தானாகச் செய்யாது என்று டெஸ்லாவின் தலைவர் எலான் மஸ்க்கே பிறகு சொன்னார். இப்படி ஆள் ஓட்டுவதில் தப்பில்லை, பயிற்சிக்கு அதுவும் ஒரு வழி. ஒன்எக்ஸ் கம்பெனி 2025 அக்டோபரில் நியோ என்ற வீட்டு ரோபோவை 20,000 டாலர் விலையில் அறிவித்தபோது, அதற்குத் தெரியாத வேலை வந்தால் கம்பெனி ஆள் தூரத்திலிருந்து இயக்குவார் என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆகவே விற்க வருகிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இதுல எவ்வளவு நேரம் அதுவா செஞ்சுச்சு, எவ்வளவு நேரம் ஆள் ஓட்டினாரு?"

நடையை விட்டுவிடுங்கள். ஓடுவது, குட்டிக்கரணம் போடுவது எல்லாம் பார்க்க அழகு. நமக்குச் சம்பளம் தருவது கால் இல்லை. கையைப் பாருங்கள்.

எங்கள் அம்மா வில்லாபுரத்தில் இருக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து வருகிற மல்லியைக் கட்டிக் கொடுக்கும். இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு மொட்டு, எதிர்ப்பக்கம் பார்த்து இரண்டு மொட்டு, காம்போடு காம்பு. வலது கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு, காம்பின் மேல் மாட்டி இழுக்கும். ஒரு இழுப்பு கூடினால் காம்பு அறுந்துவிடும். குறைந்தால் தலையில் வைத்ததும் உதிரும். இத்தனைக்கும் அம்மாவின் கண் டிவி சீரியலில் இருக்கும். எவ்வளவு இழுக்கலாம் என்று சொல்வது விரல் நுனித் தோல். ரோபோ விரலுக்குள் மோட்டார் வைத்தாகிவிட்டது, முன்கையில் மோட்டாரை வைத்து நரம்பு மாதிரி இழுத்தும் பார்த்தாகிவிட்டது. அந்தத் தோலுக்குத்தான் இன்னும் போராடுகிறார்கள். வீடியோவில் எதைத் தூக்குகிறது என்று பாருங்கள்: கெட்டியான பெட்டியா, இல்லை வழுக்குகிற, நசுங்குகிற, ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கிற பொருளா?

நிஜமாகவே வேலைக்குப் போன ரோபோக்களும் உண்டு. அஜிலிட்டி கம்பெனியின் டிஜிட் என்ற ரோபோ 2024-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கிடங்கில் பிளாஸ்டிக் கூடைகளைத் தூக்கிக் கன்வேயரில் வைக்க ஆரம்பித்தது. 2022-இல் தொடங்கிய ஃபிகர் கம்பெனியின் ரோபோ, பி.எம்.டபிள்யூவின் ஸ்பார்டன்பர்க் தொழிற்சாலையில் தகடுகளை எடுத்து, அவற்றை அசையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்சரில் பொருத்தியது. இரண்டிலும் பொருள் கெட்டி, அளவு மாறாது, வைக்கும் இடமும் மாறாது. உங்கள் வேலையும் அப்படிப்பட்டதுதான் என்றால் இப்போதே அடுத்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். மனதைத் தேற்றுவதற்காக உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

முதலாளிமாருக்கு ஒரு கேள்வி தனியாக: கரண்ட் போனால் என்ன ஆகும்? எங்கள் யூனிட்டில் முன்பு ஒரு சக்‌ஷன் கை, அதாவது காற்றை உறிஞ்சிப் பொருளைப் பிடித்துத் தூக்கும் மெஷின், இருந்தது. ஒரு நாள் கரண்ட் போனதும் பிடித்திருந்த பாகம் ஹெல்பர் பையன் காலில் விழுந்தது. இரண்டு விரல் நகம் போய்விட்டது. அதிலிருந்து எந்த மெஷினைப் பார்த்தாலும் எனக்கு முதல் கேள்வி இதுதான். பிரஸ் மெஷினில் சிவப்பு பட்டனை அடித்தால் நிற்கும். இரண்டு காலில் நிற்கிற ரோபோ மோட்டார் பலத்தால்தான் நிற்கிறது, மின்சாரத்தை வெட்டினால் சரிந்து விழும். யூனிட்ரீ கம்பெனியின் சின்ன உருவ ரோபோவான ஜி1-கூட 35 கிலோ. பேட்டரி சுமார் 2 மணி நேரம் வரும். நம் ஷிப்ட் 8 மணி நேரம். பேட்டரி மாற்றுவது யார், விழுந்தால் தூக்குவது யார், கியர் போனால் எத்தனை நாளில் ஸ்பேர் வரும் என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. கை வேலை தெரியாததால்தான் ரோபோ நம் கையைத் தேடி வருகிறது. கரூரிலேயே ஆட்கள் நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு துண்டு மடிக்கிறார்கள். அந்த வீடியோ ரோபோவுக்குப் பாடம். நாளைக்கு உங்களிடமும் வந்து கேட்கலாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணிக்கு எவ்வளவு, முகமும் வீடும் பதிவாகுமா, வேறு கம்பெனிக்கு விற்பார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் வேலையை நீங்களே எழுதிவையுங்கள். ஒரு பீஸ் முடிகிற வரைக்கும் கை என்னென்ன செய்கிறது, வரிசையாக. டிரிம்மிங்கில் இருக்கும் ஒரு அக்காவை எழுதச் சொன்னேன். "என்ன பெருசா இருக்கு, எடுப்பேன், வெட்டுவேன், போடுவேன்" என்றார். மறுநாள் 14 வரி எழுதிக் கொண்டுவந்தார். ஒன்பதாவது வரி: "வெட்டினப்புறம் பெருவிரல் நகத்தால ஒரு தடவை சுத்தி வருவேன். பிசிறு இருந்தா நகத்துல தட்டும்." எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் அப்படி ஒரு வேலை கிடையாது. அடுத்த மாதம் சம்பளம் பேசப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.