போத்தலில் காய்ந்திருந்த கோடு: புளிமா வளர்த்த என் அனுபவம்

கடை ஈஸ்ற் சேர்க்காமல், புளித்த மாவாலேயே பொங்கவைக்கும் சவர்டோ பாணுக்கான புளிமாவைக் கிளிநொச்சியில், சித்திரை வெக்கையில், வீட்டிலேயே வளர்த்தெடுக்க எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. ஆட்டா மாவும் கிணற்று நீரும் சம எடையில் கலந்த இரண்டாம் நாளே கலவை நுரைத்துப் பொங்கியது. நான்காம் நாள் அசைவற்றுக் கிடந்தது. செத்துவிட்டதென்று எண்ணி இருமுறை கொட்டினேன். அது தவறு: முதற்பொங்கல் பெரும்பாலும் பற்றீரியாக்களால் வருவது, புளிப்பு ஏறியதும் அவை அடங்க, அதன் பிறகே மாவில் இயல்பாக உள்ள ஈஸ்ற் மெல்லப் பெருகும்.

மூன்றாம் முறை கொட்டாமல் காத்திருந்தேன். எட்டாம் நாளிலும் காலையில் கலவை தாழ்ந்து, மேலே சாம்பல் நிற நீர் தேங்கி, வினாகிரி மணம் வீசியது. சீனி சேர்த்தேன், கொதித்தாறிய நீருக்கு மாறினேன், ஒன்றும் பலிக்கவில்லை.

பிறகுதான் போத்தலின் உட்புறத்தில், கலவைக்கு நான்கு விரற்கடை மேலே, காய்ந்த மா கோடாகப் படிந்திருந்ததைக் கண்டேன். கலவை நான் உறங்கும்போது எழுந்து, உணவு தீர்ந்து, விடிவதற்குள் விழுந்திருந்தது. குளிர்நாட்டுக் குறிப்புகள் கூறும் உணவு, அதாவது புளிமாவின் எடைக்குச் சமமான மாவும் நீரும், எங்கள் வெப்பத்தில் சில மணி நேரத்துக்கே போதும். ஆகவே 10 கிராம் புளிமாவுக்கு 50 கிராம் மாவும் 50 கிராம் நீரும் என மாற்றி, காலையும் மாலையும் ஊட்டி, போத்தலை ஈரச்சாக்கு சுற்றிய மண்பானைக்குள் வைத்தேன். மூன்றாம் நாள், இறப்பர் வளையமிட்டுக் குறித்த மட்டத்திலிருந்து ஆறு மணி நேரத்தில் அது இருமடங்காக எழுந்தது, மனம் ஆறியது.